செவ்வரத்தையைத் திருத்தாதீர்கள்: வன்னி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டப் பாடசாலைகளில் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு,



உங்களில் ஒருவர் என் பேத்தியின் சுற்றாடல் கொப்பியில் சிவப்பு மையால் ஒரு சொல்லை வெட்டியிருக்கிறார். படத்தில் இருந்த பூவுக்குக் கீழே பிள்ளை ‘செவ்வரத்தை’ என்று எழுதியிருந்தாள். அதை வெட்டி மேலே ‘செம்பருத்தி’ என்று எழுதிவிட்டு அரைப் புள்ளி குறைத்திருக்கிறது. எந்தப் பாடசாலை, எந்த ஆசிரியர் என்பதைச் சொல்லப்போவதில்லை. ஒருவரைக் குறைசொல்ல இந்த மடலை எழுதவில்லை. ஒட்டுசுட்டானிலும் முள்ளியவளையிலும் நெடுங்கேணியிலும் பெற்றோரிடம் பேசிப் பார்த்தேன். இதே திருத்தம் பல கொப்பிகளில் விழுந்திருக்கிறது. ஆகவே உங்கள் எல்லோரிடமும் பேச வேண்டியிருக்கிறது.

செவ்வரத்தை பிழையான சொல் இல்லை. அரத்தம் என்றால் பழைய தமிழில் சிவப்பு. குருதிக்கும் அதுவே பெயர். செம்மையும் அரத்தமும் சேர்ந்த பெயர், சிவப்பின் மேல் சிவப்பு. தமிழ்நாட்டில் அதே பூவைச் செம்பருத்தி என்கிறார்கள், பருத்தியின் இனம் என்பதால். அதுவும் நல்ல கண் உள்ளவர்கள் வைத்த பெயர்தான். தாவரவியலும் இரண்டையும் ஒரே குடும்பத்தில்தான் வைக்கிறது. ஒரு ஊர் நிறத்தைப் பார்த்தது, மற்ற ஊர் உறவைப் பார்த்தது. இரண்டையும் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்திருந்தால் அவள் இரண்டு ஊரின் கண்களையும் பெற்றிருப்பாள். வெட்டியதால், அந்தச் சொல்லைச் சொல்லிக்கொடுத்த தன் அம்மம்மாவுக்குத் தமிழ் சரியாகத் தெரியாது என்ற ஒரு எண்ணத்தைத்தான் பெற்றாள்.

பட்டிப்பூவுக்கும் இதே கதிதான். நம் கோயில் வேலியோரத்திலும் கிணற்றடியிலும் ஊதாவும் வெள்ளையுமாய்ப் பூக்கிற அந்தச் செடியை நித்தியகல்யாணி என்றால்தான் புள்ளி. தமிழ்நாட்டிலேயே அதற்குச் சுடுகாட்டு மல்லி என்றும் ஒரு பெயர் உண்டு. ஒரே செடி ஒரு வாயில் என்றும் மங்கலமாய் இருப்பவள், இன்னொரு வாயில் சுடுகாட்டுப் பூ. செடியோ மடகாஸ்கரிலிருந்து வந்தது. இன்று உலகெங்கும் இரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கிற வின்கிறிஸ்ரீன் மருந்து அதிலிருந்து எடுக்கப்படுவது. இத்தனையும் ஒரு வேலியோரச் செடியின் பெயரைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடத்தில் சொல்லக்கூடியவை. பெயரை வெட்டிவிட்டால் இந்தப் பாடத்துக்கு வழி இல்லாமல் போகிறது.

கோயில் வளவுகளில் பால் வடியும் கிளைகளோடு நிற்கிற வெள்ளைப்பூ மரம் ஒன்று உண்டல்லவா, அதைத் தமிழ்நாட்டு அகராதிகள் ‘ஈழத்தலரி’ என்கின்றன. மலையாளத்தில் ‘ஈழச்செம்பகம்’. மரத்தின் சொந்த ஊர் அமெரிக்கக் கண்டத்தின் வெப்ப நாடுகள். ஆனாலும் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் இது ஈழத்திலிருந்து வந்தது என்று நினைத்து நம் நாட்டின் பெயரை அதன் தலையில் சூட்டிவிட்டார்கள். சிங்களத்தில் அதே மரம் ‘அரலிய’. நம் அலரியோ வேறு செடி. இப்படி ஒரு மரத்தின் பெயரில் மூன்று மொழிகளும் ஒரு கடலும் இருக்கின்றன. உங்கள் வகுப்பில் எத்தனை பிள்ளைகளுக்கு இது தெரியும்?

நீங்கள் நின்று கற்பிக்கிற மண்ணைப் பாருங்கள். பூவின் பெயர் சொல்லாமல் வன்னியில் முகவரி எழுத முடியாது. பூவரசங்குளம், மகிழங்குளம், வேப்பங்குளம், நொச்சிமோட்டை, முல்லைத்தீவு, கிளிநொச்சி. ஒவ்வொரு நாளும் வரவுப் பதிவேட்டில் இந்த ஊர்ப்பெயர்களை எழுதுகிறீர்கள். பூவரசங்குளத்துப் பிள்ளைக்குப் பூவரசு என்ற பெயர் எப்படி வந்தது என்று சொல்லியிருக்கிறீர்களா? அரசமரத்தின் பூ கண்ணுக்குத் தெரியாது. அது பழத்துக்குள்ளேயே ஒளிந்து பூக்கிறது. அதே வடிவ இலையோடு, மஞ்சள் பூவைக் கண்முன்னே காட்டிப் பூக்கிற மரம் பூவரசு. ஆங்கிலேயர் அந்தப் பெயரை வாயில் போட்டு மென்று ‘போர்ஷியா’ ஆக்கிக்கொண்டார்கள். இன்றும் ஆங்கில நூல்களில் அந்த மரம் நம் சொல்லோடுதான் நிற்கிறது.

கிளிநொச்சி என்ற பெயரை உலகத்துச் செய்தி ஏடுகள் எல்லாம் எழுதிவிட்டன. 1996இல் எழுதின, 1998இல் எழுதின, 2009 ஜனவரியில் எழுதின. மூன்று முறையும் போரின் செய்தி. அந்தப் பெயருக்குள் இருக்கிற நொச்சியைப் பற்றி யாரும் எழுதவில்லை. நமக்கு நொச்சி என்றால் தடிமனுக்கு ஆவி பிடிக்கிற இலை, நுளம்புக்குப் புகை போடுகிற கொப்பு. சிறிய நீலப் பூ பூக்கும். பழந்தமிழில் அதற்கு இன்னொரு வேலை இருந்தது. முற்றுகையிடப்பட்ட மதிலைக் காத்து நிற்கிற வீரர்கள் நொச்சிப் பூச் சூடினார்கள். அந்தப் போர்முறைக்கே நொச்சி என்று பெயர். புறநானூற்றில் மோசிசாத்தனார் நொச்சி மரத்தோடு பேசுகிறார். மரங்களிலெல்லாம் நீதான் அன்புக்குரிய மரம், பெண்களின் இடையில் தழையாகவும் நீதான், மதில் காப்பவனின் தலையில் கண்ணியாகவும் நீதான் என்ற பொருளில். அதற்கு முந்திய பாட்டை எழுதியவர் ஒரு பெண், வெறிபாடிய காமக்கண்ணியார். இளம்பெண்கள் தழையாக உடுத்திக் கண்ட நொச்சியை இப்போது குருதி தோய்ந்த நிலையில் காண்கிறார். இறைச்சி என்று எண்ணிப் பருந்து அதைத் தூக்கிச் செல்கிறது. இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்திய அந்தக் காட்சியை உலகில் வேறெந்த நகரத்துப் பிள்ளைக்கும் விளங்கப்படுத்த உரை வேண்டும். கிளிநொச்சிப் பிள்ளைக்கு வேண்டாம். ஆனால் அந்தப் பிள்ளைக்குத் தன் ஊரின் பெயர் ஒரு பூ என்பதே தெரியாமல் இருக்கிறது.

வெட்சி, கரந்தை, வஞ்சி, காஞ்சி, உழிஞை, தும்பை, வாகை என்று போரின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பூவின் பெயர் வைத்தவர்கள் நம் முன்னோர். இவற்றைச் சாதாரண தரப் பிள்ளைகள் பட்டியலாகப் பாடமாக்குகிறார்கள். தும்பை பாடசாலை வளவிலேயே பூத்துக் கிடக்கிறது. அதைப் பிடுங்கித் தேன் உறிஞ்சிய பிள்ளைக்கும் அந்தப் பட்டியலில் உள்ள தும்பை இதுதான் என்று யாரும் காட்டுவதில்லை.

இனி முல்லைக்கு வருகிறேன். இதை எழுதும்போது என் கை நிதானமாக இல்லை. காடும் காடு சார்ந்த இடமும் முல்லை. அதன் பெரும்பொழுது கார், சிறுபொழுது மாலை. அதன் உரிப்பொருள் இருத்தல். போனவன் திரும்பி வருவான் என்று நம்பிக் காத்திருத்தல். பாரி முல்லைக்கொடிக்குத் தேர் கொடுத்த கதையை எல்லோரும் சொல்கிறீர்கள், சொல்லுங்கள். அதைவிட இந்த மண்ணுக்கு நெருக்கமான விளக்கம் இந்த இருத்தல்தான். 2017 பெப்ரவரி 20 அன்று காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் உட்கார்ந்தார்கள். முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் தாய்மார் அப்படியே உட்கார்ந்தார்கள். அவர்களில் பலர் காத்திருந்தபடியே கண்மூடினார்கள். முல்லை என்ற சொல்லுக்கு உரை எழுதச் சொன்னால் நான் அந்தக் கொட்டகைகளைத்தான் காட்டுவேன். ஒன்பதாம் தரத்துப் பிள்ளை ‘முல்லை – இருத்தல்’ என்று மனப்பாடம் செய்கிறது. அதன் பெரியம்மா அந்தக் கொட்டகையில் இருக்கிறாள். இரண்டையும் இணைத்துக் காட்டுவது அரசியல் ஆகாது. தமிழ்ப் பாடத்தை ஒழுங்காகக் கற்பிப்பது அது.

முள்ளிவாய்க்காலும் ஒரு செடியின் பெயர்தான். முள்ளி ஈர நிலத்திலும் வாய்க்கால் கரையிலும் முள்ளோடு வளர்ந்து ஊதாப் பூப் பூக்கும். கழிக்கரையில் வளர்கிற இன்னொரு முள்ளியைச் சங்கப் புலவர்கள் முண்டகம் என்றார்கள், நெய்தல் நிலத்தின் பூவாகப் பாடினார்கள். நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். சாவு வீட்டில் முழங்கிய பறையை அவர்கள் நெய்தற்பறை என்றார்கள். இதற்கு மேல் நான் விளக்கப் போவதில்லை. 2009 மே மாதத்தை அறிந்த ஆசிரியர்கள் நீங்கள். அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் உங்கள் முன்னால் இருக்கிறார்கள். அந்த ஊர்ப்பெயரைக் கேட்டால் அவர்களுக்கு ஒரு சம்பவம் மட்டும் நினைவுக்கு வருகிறது. அந்த மண்ணில் அதற்கு முன்னும் ஒரு செடி பூத்துக்கொண்டிருந்தது, இப்போதும் பூக்கிறது என்பதை அறிய அவர்களுக்கு உரிமை உண்டு.

நெய்தல் பூவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1986இல் இலங்கையின் தேசிய மலராக அறிவிக்கப்பட்ட நீலோற்பலம் உங்கள் பாடநூலில் படமாக இருக்கிறது. நீலம், உற்பலம் என்ற இரு வடசொற்கள். சங்க இலக்கியத் தாவரங்களை ஆராய்ந்தவர்கள் பலர் நெய்தலை இதனோடு சேர்த்தே அடையாளம் காண்கிறார்கள். குளத்து அலைகரையில் மாடு மேய்க்கிற பிள்ளை தினமும் காணும் பூதான் தேசிய மலர். இரண்டாயிரம் ஆண்டாகத் தமிழில் பெயர் உள்ள பூவும் அதுதான். தாமரை, குவளை, ஆம்பல் என்ற பெயர்கள் பழந்தமிழில் பேரெண்களின் பெயர்களாகவும் இருந்தன. எண்ண முடியாமல் பூத்துக் கிடந்ததைப் பார்த்தவர்கள்தான் எண்ணுக்கே பூவின் பெயரை வைத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். மாரி கழிந்த பின் வவுனிக்குளத்து அலைகரையைப் பார்த்தவர்களுக்கு அது விளங்கும்.

உங்களில் சிலர் என்னிடம் மெதுவாகச் சொன்ன ஒரு விடயத்துக்கு இங்கே பதில் சொல்ல வேண்டும். கார்த்திகைப்பூ. அதை வரையச் சொன்னால் யாராவது வந்து கேள்வி கேட்பார்களோ என்று பயம். பயம் நியாயமானது, இந்த மண்ணில் பயப்படாமல் வாழ்ந்தவர் யார்? விடுதலைப் புலிகள் அதைத் தேசிய மலர் என்றார்கள். தமிழ்நாடு அரசு அதைத் தன் மாநில மலர் என்கிறது. ஆபிரிக்காவில் சிம்பாப்வேயின் தேசிய மலரும் அதே பூதான். இவர்கள் யாரும் பிறக்கும் முன்பே அதற்குக் காந்தள் என்று பெயர். காந்துதல் என்றால் கனன்று ஒளிர்தல். அந்த வேரிலிருந்து வந்த பெயர் என்பார்கள். விரிந்த இதழ்களைப் பெண்ணின் விரல்களோடு ஒப்பிட்டார்கள் புலவர்கள். முருகனுக்கு உரிய பூ. வேலன் வெறியாடும்போது சூடிய பூ. அந்த வெறியாட்டுத் துறைக்கே தொல்காப்பியம் காந்தள் என்று பெயர் சொல்கிறது. கிழங்கு கலப்பை வடிவில் இருப்பதால் கலப்பைக் கிழங்கு. கார்த்திகை மழையில் வேலியில் ஏறிப் பூப்பதால் கார்த்திகைப்பூ. இந்த மூன்று பெயர்களிலும் மழையும் மண்ணும் தெய்வமும் இருக்கின்றன.

அந்தக் கிழங்கு கொல்லும் நஞ்சு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கொல்சிசின் என்ற பொருள் அதில் உண்டு. வளவில் கிழங்கு கிண்டி விளையாடும் பிள்ளைக்கு இந்த அறிவு உயிர்காப்பு. ஒரு பூவின் பெயரைச் சொல்லவே தயங்குகிறவர் அதன் நஞ்சைப் பற்றியும் சொல்லமாட்டார். பெயரை மறைப்பதால் பூ வேலியிலிருந்து போய்விடாது.

தொன்மக் கதைகளுக்கும் வருகிறேன், ஏனென்றால் பெயர் பாதி, கதை பாதி. முல்லைத்தீவில் இருந்துகொண்டு வற்றாப்பளையைச் சொல்லாமல் விடமுடியாது. மதுரையை எரித்த கண்ணகை இங்கே வந்து தங்கிய பத்தாம் இடம், பத்தாம் பளை, பத்தாப்பளை, வற்றாப்பளை என்று ஊர்ப்பெயருக்கு ஒரு கதை இருக்கிறது. வைகாசி விசாகப் பொங்கலுக்குக் கடல்நீரில் விளக்கெரிவதைப் பார்க்க இலட்சக்கணக்கில் சனம் வருகிறது. அந்தச் சனத்தில் எத்தனை பிள்ளைகளுக்குக் கண்ணகை விண்ணேறியது ஒரு பூமரத்தின் கீழ் நின்றபோது என்று தெரியும்? சிலப்பதிகாரத்தில் குன்றக் குறவர்கள் அவளைப் பார்த்தது பூத்த வேங்கை மர நிழலில். வேங்கை என்றால் புலி என்றும் பொருள். பாறைமேல் உதிர்ந்த அதன் பொன்னிறப் பூக்கள் புலியின் உடல்போலத் தெரிந்ததால் யானைகூட மருண்டது என்று பாடினார்கள். வேங்கைப் பூப் பறிக்கப் போன பெண்கள் ‘புலி, புலி’ என்று கூவுவார்களாம், கேட்டவர்கள் வில்லோடு ஓடிவருவார்களாம். உங்கள் ஐந்தாம் தரத்துப் பிள்ளைகள் இதைக் கேட்டால் மதிய இடைவேளைக்கும் போகமாட்டார்கள்.

தாழம்பூவின் கதையை எனக்கு என் அப்பாச்சி சொன்னா. சிவனின் முடியைக் கண்டேன் என்று பிரமன் சொன்ன பொய்க்குத் தாழம்பூ சாட்சி சொன்னது. அன்றிலிருந்து அதற்குச் சிவபூசையில் இடமில்லை. ‘பொய்ச்சாட்சி சொன்ன பூவெண்டால் என்ன வாசமிருந்தும் கோயிலுக்குள்ள விடாயினம்’ என்பா. மகிழம்பூவுக்கும் ஒரு சாட்சிக் கதை உண்டு. சுந்தரர் திருவொற்றியூரில் சங்கிலியைப் பிரியமாட்டேன் என்று மகிழமரத்தடியில் சத்தியம் செய்து, அதை மீறிக் கண்ணிழந்தார். பொய்ச்சாட்சி சொன்ன பூ ஒன்று, மீறிய சத்தியத்துக்குச் சாட்சியாக நின்ற மரம் ஒன்று. சாட்சியம் என்ற சொல் இவ்வளவு பாரமாக இருக்கிற ஒரு மண்ணில், பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல இரண்டு கதைகள் எனக்குத் தெரியாது.

இங்கே ஒரு கவனம் தேவை. கதை சொல்வது வேறு, சொல்லின் பிறப்பைச் சொல்வது வேறு. நந்தியாவட்டை என்றால் நந்தி என்னும் இடபத்தின் பூ என்று பலர் சொல்கிறார்கள். அது நந்தியாவர்த்தம் என்ற வடசொல்லின் தமிழ் வடிவம். சுழன்று செல்லும் ஒரு மங்கலச் சின்னத்தின் பெயர். பூவின் இதழ்கள் ஒரு பக்கமாய்ச் சுழன்றிருப்பதைப் பார்த்தால் விளங்கும். விசயதசமிக்கு வாழை வெட்டுகிற மானம்பூவைப் பிள்ளைகள் பூ என்றே நினைக்கிறார்கள். மகாநோன்பு என்பது மருவி வந்தது என்பார்கள் அறிந்தவர்கள். பித்திகம் பிச்சியானதும் இப்படி வாயில் உருண்டுதான். பிள்ளைகளுக்கு இரண்டு நிரல்களில் எழுதப் பழக்குங்கள்: ஒன்றில் ஆச்சி சொன்ன கதை, மற்றதில் அகராதி சொல்வது. இரண்டும் ஒத்துவராதபோது ஆச்சியை அழித்துவிடச் சொல்லாதீர்கள். ஆச்சியின் கதை பூவைப் பற்றியதாக இல்லாமல் போனாலும் ஊரைப் பற்றியதாக இருக்கும்.

இவையெல்லாம் எங்கேயோ பதிவாகித்தானே இருக்கும் என்று நீங்கள் கேட்கலாம். கொஞ்சம் பதிவாகியிருக்கிறது. 1747இல் லின்னேயசு இலங்கைத் தாவரங்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார், அவர் இங்கே காலடி வைக்காமலே, இன்னொருவர் சேர்த்துக் கொடுத்த காய்ந்த செடிகளை வைத்து. 1862இல் வெளிவந்த வின்சுலோவின் அகராதியில் யாழ்ப்பாணத்துப் பெயர்கள் நிறைய இருக்கின்றன. 1893இலிருந்து வெளிவந்த திரிமனின் தாவரக் கைநூல் சிங்களப் பெயரோடு தமிழ்ப் பெயரையும் தருகிறது. வன்னியை நிர்வகித்த லூயிசு 1895இல் வன்னி மாவட்டங்களைப் பற்றி ஒரு கைநூலை வெளியிட்டார். எல்லாம் வெளியார் தங்களுக்குத் தேவைப்பட்ட அளவில் எழுதியவை. எந்தச் செடி என்ன பெயர் என்பது அங்கே கிடைக்கும். எந்தப் பூவை எந்த நேர்த்திக்கு எடுத்தார்கள், எதைத் தலையில் வைக்கக்கூடாது என்றார்கள், எந்தப் பூ பூத்தால் மழை வரும் என்றார்கள் என்பது கிடைக்காது. அதை எழுத வன்னியிலிருந்து யாரும் உட்காரவில்லை. உட்கார நமக்கு விடவும் இல்லை.

அந்த அறிவு இப்போது இருப்பது எழுபதும் எண்பதும் தாண்டியவர்களின் நெஞ்சில். அவர்கள் ஊர்விட்டு ஊர் ஓடியவர்கள். மெனிக்பாம் முகாமின் வெள்ளைக் கூடாரங்களுக்கிடையில் இருந்தவர்கள். திரும்பி வந்தபோது வளவில் பூங்கன்றுகள் இருந்த இடத்தில் பற்றையும் நாயுண்ணியும் நின்றன. வேலி போய்விட்டால் வேலிப்பூவின் பெயரைச் சொல்ல வாய்ப்பும் போய்விடுகிறது. கையால் காட்டிச் சொல்லப் பொருள் முன்னால் இல்லை. ஒவ்வொரு மாதமும் எங்கள் பக்கத்தில் ஒரு மரண அறிவித்தல் ஒட்டப்படுகிறது. அந்த ஆச்சியிடம், அந்த அப்புவிடம் யாராவது பூக்களைப் பற்றிக் கேட்டார்களா என்று எனக்குள் ஒரு கேள்வி ஓடுகிறது.

ஆசிரியர்களே, நீங்கள் அறிந்த ஒரு வரலாறு உண்டு. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களின் பெயர்களை ஒரே மூச்சில் அடுக்கினார், முதற்பூவே காந்தள். ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழை அறிவிப்பதற்காகப் பாடியது என்று அந்தப் பாட்டின் அடிக்குறிப்பு சொல்கிறது. ஒரு ஆசிரியர் வேற்று மொழிக்காரருக்குத் தமிழ் கற்பிக்கத் தெரிந்தெடுத்த பாடத்தில் பூக்களின் பெயர்களும் இருந்தன. 1889இல் பத்துப்பாட்டைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையருக்குக் கிடைத்த ஏடுகளில் அந்தப் பூப்பட்டியலின் சில அடிகள் விடுபட்டிருந்தன. தேடி அலைந்து, தருமபுரம் ஆதீனத்து ஏட்டில் அவற்றைக் கண்டெடுத்தார். அந்த ஓர் ஏடு செல்லரித்துப் போயிருந்தால் சில பூக்களின் பெயர்கள் தமிழிலிருந்தே போயிருக்கும். ஏடு எரிந்தால் என்ன ஆகும் என்று 1981இல் யாழ்ப்பாண நூலகத்தில் பார்த்தவர்கள் நாங்கள். வன்னியின் பூப்பட்டியலுக்கு ஏடும் இல்லை. அதைத் தேடிப் போகிற சாமிநாதையர் நீங்கள்தான்.

‘எங்களுக்கு நேரம் எங்கே’ என்று நீங்கள் சொல்வது எனக்குக் கேட்கிறது. புலமைப்பரிசில், தவணைப் பரீட்சை, வலயத்திலிருந்து வரும் படிவங்கள், இரண்டு பஸ் மாறி வரும் தூரம். இவை எல்லாம் உண்மை. நான் புதிதாக ஒரு பாடத்தைக் கேட்கவில்லை. சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகளில் தாவரங்கள் இருக்கின்றன. தமிழில் திணைகள் இருக்கின்றன. சமயத்தில் பூசைப் பூக்கள் இருக்கின்றன. சித்திரத்தில் பூ இருக்கிறது. ஏற்கெனவே கற்பிக்கிற நாலு பாடங்களுக்கும் பொதுவாக ஒரு கொப்பியைத்தான் கேட்கிறேன்.

முன்பள்ளிகளில் குழுக்களுக்கு ‘டெய்சி’, ‘டுலிப்’ என்று பெயர் வைக்கிறார்கள். டெய்சி என்றால் பகலின் கண், டுலிப் என்றால் தலைப்பாகை. அந்த நாடுகளின் பிள்ளைகள் அதை அறிந்து மகிழட்டும், நம் பிள்ளைகளும் ஒருநாள் அறியட்டும். ஆனால் மூன்று வயதில் வாயில் நுழையும் முதற்பூ தும்பையாகவோ பூவரசாகவோ இருப்பதற்கு என்ன தடை? முன்பள்ளி ஆசிரியைகளிடம் இதைத் தனியாகவே கேட்கிறேன்.

இப்போது என் வேண்டுகோள்.

முதலில், பிள்ளை வீட்டிலிருந்து கொண்டுவரும் பூப்பெயரைத் திருத்தாதீர்கள். செவ்வரத்தை என்று எழுதினால் சரி போடுங்கள். பக்கத்தில் செம்பருத்தியையும் எழுதச் சொல்லுங்கள். புள்ளி குறைக்க வேண்டாம். வினாத்தாள் தயாரிக்கும் ஆசிரிய ஆலோசகர்கள் புள்ளித்திட்டத்தில் இரண்டு பெயரையும் ஏற்றுக்கொள்ளலாம் என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

அடுத்து, வருகிற கார்த்திகைக்கும் தைப்பொங்கலுக்கும் இடையில் ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலோ அயலிலோ உள்ள மூத்த ஒருவரிடம் போய் மூன்று பூக்களைப் பற்றிக் கேட்டு வரட்டும். பெயர், மறுபெயர், ஏன் அந்தப் பெயர், கதை உண்டா, எதற்குப் பயன், நஞ்சா, சொன்னவர் எந்த ஊரில் பிறந்தவர். சொன்னவர் எப்படிச் சொன்னாரோ அந்த வாய்ச்சொல்லிலேயே எழுதட்டும். நீங்கள் எழுத்துப்பிழையை மட்டும் பாருங்கள். பேச்சை எழுத்துத் தமிழாக்க வேண்டாம்.

கேட்கும்போது யாரையும் விட்டுவிடாதீர்கள். 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காடு திருத்திக் குடியேறியவர்கள் இருக்கிறார்கள். அவர்களின் ஆச்சிமாரிடம் தோட்டத்துப் பூக்களுக்கு வேறு பெயர்கள் இருக்கும். 1990 ஒக்ரோபரில் வெளியேற்றப்பட்டு, பிறகு தண்ணீரூற்றுக்கும் நீராவிப்பிட்டிக்கும் திரும்பி வந்த முஸ்லிம் குடும்பங்கள் இருக்கின்றன. மருதோன்றியைப் பற்றி அவர்களைவிட யார் சொல்வார்? வவுனியா தெற்கில் சிங்களக் கிராமங்கள் அயலில் உள்ள பாடசாலைகள் சிங்களப் பெயர்களையும் கேட்டு எழுதுங்கள். பூ எல்லோருடைய வேலியிலும் பூக்கிறது. தீவகத்திலிருந்தும் வடமராட்சியிலிருந்தும் வந்து குடியேறியவர்களும் தங்கள் பெயர்களைக் கொண்டுவந்திருப்பார்கள். எது வன்னிப்பெயர், எது வந்த பெயர் என்று இப்போதே சண்டை பிடிக்க வேண்டாம். எல்லாவற்றையும் எழுதுங்கள், ஊரோடு எழுதுங்கள்.

அதிபர்களிடம்: கார்த்திகை மரநடுகை மாதமாக வடக்கில் பழகிவிட்டது. இந்தமுறை நடுகிற கன்றுகளில் நொச்சி, மகிழ், பூவரசு, கொன்றை இருக்கட்டும். ஏற்கெனவே வளவில் நிற்கும் மரங்களின் கீழே பெயர்ப்பலகை வையுங்கள். முதலில் ஊரில் சொல்லும் பெயர், அடுத்து இலக்கியப் பெயர், பிறகு சிங்களப் பெயர், கடைசியில் தாவரவியற் பெயர். காலைக் கூட்டத்தில் கிழமைக்கு ஒரு பிள்ளை ஒரு பூவின் கதையைச் சொல்ல ஐந்து நிமிடம் கொடுங்கள்.

சேர்த்த கொப்பிகளை அலுமாரியில் பூட்டிவிடாதீர்கள். ஒரு பிரதி பாடசாலை நூலகத்தில் இருக்கட்டும். இன்னொன்றைக் கிளிநொச்சி அறிவியல்நகரில் உள்ள யாழ். பல்கலைக்கழக விவசாய பீடத்துக்கோ, 2021இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவுக்கோ கொண்டுபோய்க் கொடுங்கள். அங்கே படிக்கும் இளையவர்கள் பூவையும் பெயரையும் பொருத்திப் பார்த்துத் தாவரவியற் பெயரைச் சேர்ப்பார்கள். அவர்களோடு நான் பேசத் தயாராக இருக்கிறேன். ஒவ்வொரு பக்கத்தையும் கைபேசியில் படமெடுத்து நூலகம் எண்ணிம நூலகத்துக்கு அனுப்பினால் கடல்கடந்து இருக்கிற பிள்ளைகளும் தங்கள் அம்மம்மாவின் ஊர்ப் பூவைத் தேடிப் பார்க்கலாம்.

எந்த வகுப்பில் தொடங்குவது என்று தெரியாவிட்டால் நாலாம் தரத்தில் தொடங்குங்கள். அவர்களுக்கு எழுதவும் தெரியும், கேட்க வெட்கமும் இல்லை, புலமைப்பரிசில் இன்னும் ஒரு வருடம் தள்ளி இருக்கிறது. இந்தத் தவணை முடியுமுன் ஒரு பாடசாலை தொடங்கினாலும், முதற்கொப்பியைப் பார்க்க என்னைக் கூப்பிடுங்கள். எந்த ஊர் என்றாலும் வருவேன்.

அன்புடன்,
ஒட்டுசுட்டானிலிருந்து ஓர் அப்பப்பா